ஸ்போர்ட்ஸ் காரின் பழைய ஸ்டீரியோவில் செல்போன் பாட்டு

ஸ்போர்ட்ஸ் காரைச் செய்யும் நிறுவனமே அதற்குள் பொருத்தி அனுப்பும் ஸ்டீரியோ, கார் விற்பனைக்கு வந்த ஆண்டில் புழங்கிய இசைச் சாதனத்தை மட்டும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. 1996இல் வெளிவந்த போர்ஷே பாக்ஸ்டரிலும் அதே ஆண்டு வந்த மெர்சிடிஸ் எஸ்எல்கேயிலும் கேசட்டோ சிடியோதான் உண்டு. 2002இல் வந்த பிஎம்டபிள்யூ இசட்4 சிடி காலத்துக் கார். ஒழுங்காகப் பராமரித்தால் இவற்றின் எஞ்சின் முப்பது ஆண்டுகள்கூட ஓடும். பாட்டு குடியிருக்கும் இடமோ அதற்குள் மாறிவிடுகிறது. பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை 1963இல் கொண்டுவந்தது. சிடி 1982இல் வந்து, 1984இல் காருக்குள் ஏறியது. ஐபாட் 2001இல் வந்து 2022இல் உற்பத்தியே நின்றுபோனது. இப்போது பாட்டு செல்போனில் இருக்கிறது, அந்தப் பழைய செட்டுக்கோ செல்போன் என்றால் என்னவென்று தெரியாது.

புதுச்சேரியில் இது சிலருடைய பிரச்சினை மட்டுமல்ல. அண்டை மாநிலங்களைவிட இங்கே சாலை வரி குறைவு என்பதால் பிஒய்-01 எண் பலகை மாட்டிய விலையுயர்ந்த கார்கள் தென்னிந்தியா முழுவதும் ஓடுகின்றன. இங்கே குடியிருப்பதாகப் பொய் முகவரி காட்டிப் பதிவு செய்தார்கள் என்று 2017இல் கேரளத்தில் வழக்குகள் வரை போனது. இவை போக, சனி ஞாயிறுகளில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னையிலிருந்து இறங்கும் கார்களும் உண்டு. துறைமுகத்தை ஒட்டிய உப்பளம் பகுதியில் அப்படியொரு காரை நிறுத்தி வைத்திருப்பவருக்கு, பழைய செட்டோடு கடற்காற்றும் சேர்ந்து இரட்டை வேலை வைக்கிறது.

செட்டைக் கழற்றி வீசிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கி மாட்டுவதுதான் பலரும் முதலில் சொல்லும் யோசனை. சாதாரண காருக்கு அது சரி. டேஷ்போர்டில் ரேடியோவுக்கான துளை 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம் என்று ஜெர்மனியில் ஒரு தர அளவு வகுக்கப்பட்டு, டின் என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. அந்த அளவில் துளை உள்ள காரில் எந்தச் செட்டும் உட்காரும். ஸ்போர்ட்ஸ் காரில் சிக்கல் துளையைத் தாண்டித் தொடங்குகிறது. நிறுவனம் கொடுத்த உயர்ரக ஒலியமைப்பில் ஆம்ப்ளிஃபையர் செட்டுக்குள் இருக்காது. இருக்கைக்கு அடியிலோ முன் டிக்கியிலோ தனியாக இருக்கும். போஸ் போன்ற நிறுவனங்கள் செய்த அமைப்புகளில் ஸ்பீக்கரின் மின்தடை வழக்கமான 4 ஓம் இல்லாமல் 2 ஓம் அல்லது அதற்கும் கீழே இருக்கும். அந்தக் காரின் கதவுத் தகடு, கண்ணாடியின் சாய்வு, இருவர் மட்டும் உட்காரும் சிறிய அறை எல்லாவற்றையும் அளந்து, எந்த அதிர்வெண்ணைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே தீர்மானித்திருப்பார்கள். கடையில் வாங்கிய செட்டை அதே ஸ்பீக்கரில் நேராகக் கோத்தால் செட் சூடாகும், ஒலியும் கெடும். ஒயரிங்கை வெட்டிய பிறகு மூல நிலைக்குத் திரும்புவது கடினம். காரை விற்கும்போது வாங்குபவர் முதலில் பார்ப்பதும் அந்த வெட்டுகளைத்தான். மூலச் செட்டை வைத்துக்கொண்டே பாட்டை உள்ளே அனுப்ப வழி தேடுவது உணர்ச்சிவசப்பட்ட பிடிவாதம் அல்ல, கணக்கான முடிவு.

கார் நிறுவனங்களுக்கும் இது புரிந்திருக்கிறது. போர்ஷே 2020இல் தன் பழைய கார்களுக்கென்றே, பழைய ரேடியோவைப் போன்ற குமிழும் பொத்தானும் வைத்த ஒரு செட்டைக் கொண்டுவந்தது. டின் துளையிலேயே அடங்கும் அதன் முகத்தில் 3.5 அங்குலத் தொடுதிரையும், உள்ளே ப்ளூடூத்தும் ஆப்பிளின் கார்ப்ளேயும் உண்டு. 996 வகை 911க்கும் முதல் தலைமுறை பாக்ஸ்டருக்கும் இதன் பெரிய வடிவம் வந்தது. வசதியுள்ளவருக்கு இது நல்ல தீர்வு. மற்றவர்கள் இருக்கும் செட்டில் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அதற்கு முன் டிஜிட்டல் இசை என்பது என்ன என்று ஒரு வார்த்தை. ஒலி என்பது காற்றில் ஏறி இறங்கும் அழுத்தம். சிடியில் அந்த அழுத்தத்தை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதியிருக்கிறார்கள். இடது, வலது இரண்டையும் சேர்த்தால் வினாடிக்கு 1,411 கிலோபிட். எம்பி3 முறை, காது எப்படியும் கவனிக்காது என்று கருதும் பகுதிகளைக் கழித்துவிட்டு அதை 320 கிலோபிட்டாகவோ 128 ஆகவோ சுருக்குகிறது. 128 என்றால் மூலத்தில் பதினொன்றில் ஒரு பங்குதான் மிச்சம். ஸ்பீக்கர் கடைசியில் கேட்பது எண்ணை அல்ல, ஏறி இறங்கும் மின்னோட்டத்தை. எண்ணை மின்னோட்டமாக்கும் வேலை எங்காவது நடந்தாக வேண்டும்: செல்போனுக்குள், வழியில் மாட்டும் சிறு பெட்டிக்குள், அல்லது செட்டுக்குள். கீழே வரும் முறைகளில் பெரும்பாலானவற்றுக்கு இடையே உள்ள வேறுபாடு அந்த இடத்தில்தான் இருக்கிறது.

2000ஆம் ஆண்டை ஒட்டிய ஸ்போர்ட்ஸ் கார்களில் மிகச் சிறந்த கதவு சிடி சேஞ்சருக்கான சாக்கெட். ஆறு சிடி போடும் பெட்டியை டிக்கியில் வைத்து, ஒரு கேபிளால் செட்டோடு இணைப்பார்கள். பலர் சேஞ்சரை வாங்கியிருக்க மாட்டார்கள். ஆனால் செட்டின் பின்னால் சாக்கெட் மட்டும் காத்திருக்கும். அதில் இரண்டு வகை ஒயர்கள் உண்டு. ஒன்று ஒலியைக் கொண்டுவரும், மற்றொன்று பேச்சு நடத்தும். "சேஞ்சர் இருக்கிறாயா?" என்று செட் கேட்டுக்கொண்டே இருக்கும், பதில் வந்தால்தான் ஒலிக் கதவைத் திறக்கும். வெறும் ஒலி ஒயரைக் கொண்டுபோய்ச் சொருகியவர்களுக்குச் சத்தமே வராமல் போவது இதனால்தான். எமுலேட்டர் எனப்படும் சிறு பெட்டி சேஞ்சரின் குரலில் பதில் சொல்கிறது: முதல் தட்டு, மூன்றாவது பாட்டு, ஓடிக்கொண்டிருக்கிறது. செட் நம்பி வழிவிடுகிறது. பெட்டியின் மறுபக்கம் ஆக்ஸ், யுஎஸ்பி அல்லது ப்ளூடூத் இருக்கும். ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தானை அழுத்தினால் அடுத்த பாட்டுக்குப் போகும் வசதியும் பல பெட்டிகளில் கிடைக்கிறது. இந்தப் பேச்சுமொழி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. பிஎம்டபிள்யூவின் ஐ-பஸ்ஸுக்குச் செய்த பெட்டி டொயோட்டாவின் ஏவிசி-லேனுக்கு உதவாது. காரின் ஆண்டையும் செட்டின் மாடல் எண்ணையும் சரிபார்க்காமல் வாங்கினால் காசு வீண்.

2003 வாக்கில் போர்ஷேயும் மற்ற ஜெர்மன் நிறுவனங்களும் செம்புக் கம்பியை விட்டு ஒளியிழைக்கு மாறின. மோஸ்ட் என்று பெயர். செட், ஆம்ப்ளிஃபையர், சேஞ்சர், டெலிபோன் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் இழையில் வளையமாகக் கோக்கப்பட்டு, சிவப்பு ஒளியில் எண்களாகவே ஒலியைக் கைமாற்றிக்கொள்ளும். இதில் இரைச்சல் புக வழியில்லை என்பது பெரிய நன்மை. வளையத்தில் ஒரு கருவி செத்தாலோ ஓர் இழை மடங்கி உடைந்தாலோ மொத்த அமைப்பும் ஊமையாவது பெரிய தீமை. பழுதான சேஞ்சரைக் கழற்றினால் இரு முனைகளையும் ஒரு லூப் இணைப்பியால் மூட வேண்டும். புதிய பெட்டியைச் சேர்ப்பதென்றால் வளையத்தைப் பிரித்து நடுவில் கோக்க வேண்டும். ஆட்டோ எலக்ட்ரீஷியன் எல்லாருக்கும் பழக்கமான வேலை அல்ல இது. சாதாரண ஒயரைப் போல இழையை மடக்கி டேப் சுற்றினால் அன்றோடு அது முடிந்தது.

ஆக்ஸ் சாக்கெட் உள்ள கார் அதிர்ஷ்டக் கார். 3.5 மில்லிமீட்டர் ஊசியைச் சொருகினால் போதும். ஆனால் 2016இல் ஐபோன் 7 அந்த ஊசிக்கான ஓட்டையை எடுத்துவிட்ட பிறகு பல செல்போன்கள் அதையே பின்பற்றின. இப்போது எண்ணை மின்னோட்டமாக்கும் சிப், விரல் நீளக் கேபிளுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆக்ஸில் ஒலி கரகரத்தால் பெரும்பாலும் அளவு தவறியிருக்கும். செல்போனில் ஒலியைப் பாதியில் வைத்துவிட்டுச் செட்டில் முழுக்க ஏற்றினால், செட் பாட்டோடு இரைச்சலையும் பெருக்கும். செல்போனை முழு அளவுக்குச் சற்றுக் கீழே வைத்து, மீதியைச் செட்டின் குமிழில் பார்த்துக்கொள்வதே சரி.

கையுறைப் பெட்டிக்குள் அகலமான ஐபாட் கேபிள் தொங்கும் கார்களும் உண்டு. பிஎம்டபிள்யூ 2004இல் ஆப்பிளோடு சேர்ந்து முதலில் இதைச் செய்தது. 2012இல் ஐபோனின் சாக்கெட் சுருங்கியதும் அந்தக் கேபிள் அநாதையானது. அதில் சொருகும் ப்ளூடூத் வில்லைகள் கிடைக்கின்றன. இருந்தாலும் சில கார்கள் எதிர்முனையில் ஆப்பிளின் சிப் இருக்கிறதா என்று சோதித்தே ஏற்கும் என்பதால் எல்லா வில்லையும் வேலை செய்வதில்லை.

யுஎஸ்பி சாக்கெட் வந்த கார்களில் பென் டிரைவே மிக எளிது, தமிழ்ப் பாட்டுக் கேட்பவருக்குத் தனித் தலைவலியும் அதில்தான். பழைய செட்டின் திரை ரோமன் எழுத்தை மட்டும் அறியும். பாட்டின் பெயர் தமிழ் யூனிகோடில் இருந்தால் வரிசையாகக் கட்டமும் கேள்விக்குறியும் தெரியும். சில செட்டுகள் அந்தக் கோப்பையே தாண்டிப் போய்விடும். கோப்பின் பெயரையும் அதனுள் பதிந்த படம், பாடகர் விவரங்களையும் ரோமன் எழுத்தில் மாற்றி, முன்னால் 01, 02 என்று எண் கொடுப்பதுதான் நடைமுறை. டிரைவை எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்ய வேண்டும். இப்போதைய பெரிய டிரைவ்கள் வேறு முறையில் வருவதால் செட் அவற்றை வெற்று டிரைவாகவே பார்க்கும். சில செட்டுகள் பெயர் வரிசையைப் பார்க்காமல், நகலெடுத்த வரிசையில் பாடும். அப்போது கோப்புகளைத் தேவைப்படும் வரிசையில் ஒவ்வொன்றாக நகலெடுப்பதைத் தவிர வழியில்லை.

ப்ளூடூத்தில் ஸ்டீரியோ இசை அனுப்பும் விதிமுறை 2003இல் வகுக்கப்பட்டது. அதற்குப் பின் வந்த கார்களிலும் பல ஆண்டுகள் ப்ளூடூத் என்பது போன் பேச மட்டுமே இருந்தது. செல்போன் செட்டோடு இணைகிறது, பாட்டு மட்டும் வரவில்லை என்றால் காரணம் இதுதான். பழுது எதுவும் இல்லை. ஆக்ஸில் ஒரு ப்ளூடூத் ரிசீவரை மாட்டினால் தீரும். எல்லாக் கருவிக்கும் பொதுவான எஸ்பிசி சுருக்கமுறை உயர்ந்த தரத்தில் வினாடிக்குச் சுமார் 328 கிலோபிட் அனுப்புகிறது. ஓடும் காரில் அதற்கும் சிடிக்கும் வேறுபாடு கண்டுபிடிப்பவர் அரிது. பாட்டு மூலத்திலேயே 128இல் சுருங்கியிருந்தால் ப்ளூடூத் அதை இரண்டாம் முறை சுருக்கும். அப்போது சலங்கை, சிம்பல் போன்ற கூர்மையான ஒலிகள் தண்ணீரில் நனைந்தாற்போல் கேட்கும்.

கேசட் மட்டும் உள்ள காரில், கேசட் வடிவில் ஒயர் தொங்கும் அடாப்டரைப் போடலாம். அதன் காந்தத் தலை செட்டின் காந்தத் தலைக்கு எதிரே நின்று நேராகப் பாட்டை ஊட்டுகிறது. மலிவு, ஒயரிங்கைத் தொட வேண்டியதில்லை. ஆனால் தலைகள் நேர்க்கோட்டில் நிற்காவிட்டால் மேல்ஸ்தாயி மங்கும். பக்கம் மாறும் வசதியுள்ள செட், நாடா தீர்ந்துவிட்டது என்று எண்ணி இருபக்கமும் மாறிக்கொண்டே இருக்கும்.

எதுவுமே இல்லாத காருக்குக் கடைசிப் புகலிடம் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் இந்தக் கருவி செல்போன் பாட்டை ஒரு குட்டி வானொலி நிலையமாக ஒலிபரப்ப, செட் அதை வாங்கிப் பாடும். எஃப்எம் ஸ்டீரியோவில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலிக்கு இடமில்லை, அதைக்கூடப் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது அண்டை நிலையங்களின் குறுக்கீடு. சென்னையில் காலியாகக் கிடக்கிறதென்று 102.8 மெகாஹெர்ட்ஸைத் தேர்ந்தவர் புதுச்சேரிக்கு வரும் வழியில் மரக்காணத்தை நெருங்கும்போது பாட்டுக்குள் வேறொரு குரல் புகுவதைக் கேட்பார். அது புதுச்சேரி அகில இந்திய வானொலியின் எஃப்எம். உப்பளத்துக்குள் வந்தபின் நிலையத்தின் குரல் மட்டுமே மிஞ்சும். புதுச்சேரியிலும் சென்னையிலும் ஒருசேரக் காலியான எண்ணைத் தேடிப் பதிந்துகொள்வது ஒரு வழி. ஆன்டெனா ஒயரின் நடுவில் கோக்கும் எஃப்எம் மாடுலேட்டர் அதைவிட நல்ல வழி. பாட்டு ஓடும்போது அது ஆன்டெனாவைத் துண்டித்துவிடுவதால் வெளிக்குரல் நுழையாது.

எந்த முறையிலும் ஒயர் மாட்டியவுடன் பலர் கேட்கும் முதல் புகார் "உய்ங்" என்ற சத்தம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் அதன் சுருதி ஏறும். ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரத்தில் எஞ்சிய சிறு அலை இது. செல்போன் ஒருபக்கம் சார்ஜர் வழியாகவும் மறுபக்கம் ஆக்ஸ் கேபிள் வழியாகவும் காரின் எர்த்தைத் தொடும்போது, இரண்டு எர்த்துகளுக்கும் இடையே ஒரு சுற்று உருவாகி அந்த அலை பாட்டுக்குள் நுழைகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் சத்தம் நின்றுவிட்டால் நோய் இதுதான் என்று உறுதி. கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறு மின்மாற்றிப் பெட்டியை ஆக்ஸ் வழியில் கோத்தால் போகும். மலிவானது கீழ்ஸ்தாயியைக் கொஞ்சம் தின்றுவிடும். நிரந்தரமாகப் பொருத்தும் பெட்டிக்குச் செட்டின் எர்த்திலிருந்தே எர்த் எடுப்பது இதற்கும் மேல்.

மின்சாரம் எங்கிருந்து எடுப்பது என்பதும் முக்கியம். ஸ்போர்ட்ஸ் கார் தினமும் ஓடுவதில்லை. சாவி அணைந்த பின்னும் உயிரோடிருக்கும் ஒயரில் ப்ளூடூத் பெட்டியைக் கோத்தால், அது 50 மில்லிஆம்பியர் இழுத்தாலும் நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி, மாதத்துக்கு 36. பேட்டரி 60 ஆம்பியர்-மணி என்றால் பாதிக்கு மேல் போய்விட்டது, கார் கிளம்பாது. சாவி திருப்பினால் மட்டும் உயிர் பெறும் ஏசிசி ஒயரே இதற்கு உரியது. பேட்டரி இறங்கினால் இன்னொரு வினையும் உண்டு. பல மூலச் செட்டுகள் திருட்டைத் தடுக்கக் கோடு என்ற ரகசிய எண்ணைக் கேட்கும். மின்சாரம் போய் வந்தால் அந்த எண்ணைத் தட்டும்வரை பேசாது. சில தடவை தவறாகத் தட்டினால் நெடுநேரம் காக்க வைக்கும். பழைய கார் வாங்கும்போதே கோடு அட்டையைக் கேட்டு வாங்குவது நல்லது.

இத்தனையும் செய்து உள்ளே வந்த பாட்டு, எஞ்சினோடும் டயரோடும் போட்டியிட வேண்டும். சிடியின் 16 பிட், மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடைவெளி தருகிறது. வேகமாக ஓடும் காருக்குள், அதுவும் துணிக் கூரைக் காருக்குள், அந்த இடைவெளியின் கீழ்ப் பெரும்பகுதி சாலை இரைச்சலில் மூழ்கிவிடும். அந்த இரைச்சல் பெரும்பாலும் கீழ்ஸ்தாயி என்பதால் முதலில் பலியாவது பேஸ் கிட்டார். இளையராஜா பாடல்களைத் தூக்கி நிறுத்துவதே பேஸ் என்று உணர்ந்தவருக்கு இது உண்மையான இழப்பு. தம்புராவின் ரீங்காரமும் போய்விடும், நாதஸ்வரம் தாக்குப்பிடிக்கும். குரலை நடுநாயகமாக வைத்துப் பதிந்த 1960களின் மோனோ பாடல்கள் காரில் வியப்பூட்டும் தெளிவோடு கேட்கின்றன. பேஸ் குமிழை முழுக்கத் திருப்புவது மருந்தல்ல. சின்னக் கதவு ஸ்பீக்கர் அதிர்ந்து, குரலும் சேர்ந்து கலங்கும். இரண்டு புள்ளி ஏற்றுவது போதும். வேகத்துக்கேற்ப ஒலியைத் தானே கூட்டும் வசதி பல மூலச் செட்டுகளில் இருக்கிறது. செட்டின் மெனுவில் அதை உயிர்ப்பித்துக்கொள்ள வேண்டும்.

கடலோர ஊரில் இவற்றுக்குப் பின்னும் வேலை இருக்கிறது. உப்பளத்துக் காற்றில் வரும் உப்பும் ஈரமும் சாக்கெட்டின் செம்பையும் நிக்கலையும் அரிக்கும். ஒரு பக்க ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடினால் செட்டைக் குறை சொல்லுமுன் ஆக்ஸ் ஊசியையும் ஆம்ப்ளிஃபையர் சாக்கெட்டையும் பார்க்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேற்பூச்சு போய் அரிப்பு விரைவாகும். கான்டாக்ட் கிளீனர் தெளித்துச் சிலமுறை சொருகி எடுப்பதே முறை. உள்ளே மாட்டப்போகும் பெட்டியின் ஊசிகள் தங்கப் பூச்சு உள்ளவையாக இருந்தால் நல்லது, தங்கம் உப்புக்கு அசையாது. எர்த் போல்ட்டைக் கழற்றித் துருவை நீக்கி, மீண்டும் இறுக்கி, மேலே கிரீஸ் தடவினால் மர்மமான பல இரைச்சல்கள் போய்விடும். வெயிலில் மூடி நின்ற காரின் டேஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டும்; அங்கே விட்டுச்சென்ற பேட்டரி வைத்த ரிசீவர் உப்பிப்போகும், சிடி-ஆர் தட்டின் சாயம் மங்கும், கேசட் அடாப்டரின் பல்சக்கரம் வளையும்.

ஸ்பீக்கரையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். 1990களின் ஸ்பீக்கர் பலவற்றில் கூம்பைச் சுற்றி நுரை வளையம் உண்டு. வெப்பத்திலும் ஈரத்திலும் அது பத்துப் பதினைந்து ஆண்டில் பொடியாக உதிரும். பாட்டு எவ்வளவு நல்ல வழியில் வந்தாலும் கிழிந்த வளையத்தில் கரகரவென்றே கேட்கும். கதவு அட்டையைக் கழற்றினால் தெரிந்துவிடும். ஸ்பீக்கரை மாற்றத் தேவையில்லை: மூல ஸ்பீக்கரின் மின்தடைக்கு ஏற்ற மாற்று கிடைப்பது அரிது, கூம்பும் காந்தமும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். உதிர்ந்த நுரையைச் சுரண்டிவிட்டு, அதே விட்டத்தில் ரப்பர் வளையம் ஒட்டி, கூம்பை நடுவில் நிறுத்தி ஒரு நாள் காயவைத்தால் பழைய ஸ்பீக்கரே திரும்பக் கிடைக்கும்.